முடிவு தெரிந்தால் பதற்றம் இல்லையா?

வசூலில் பெருவெற்றி காணும் திரைப்படங்களைப் பற்றி, தமிழ்ப் படம் பார்க்கும் மற்ற ஊர்களைப் போலவே மாத்தளையிலும், ஒரு தீர்ப்பு எவரும் மறுத்துக் கேளாத வகையில் வழங்கிவருகின்றது. பெரிய நடிகரின் படத்தில் நாயகன் சாகப்போவதில்லை என்பது டிக்கட் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது என்பதும், அப்படியே செத்தாலும் கதையின் அடுத்த வளைவில் எழுந்துவந்துவிடுவான் என்பதும், ஊரையோ உலகையோ அழிக்கப்போவதாக வில்லன் மிரட்டினால்தான் இத்தகைய படத்துக்கு ஒரு கனம் உண்டாகிறது என்பதும், இவற்றைப் பார்க்கும் கூட்டத்துக்குச் சண்டையும் பாட்டும் போதுமே தவிர மெய்யான பதற்றம் எதுவும் தேவையில்லை என்பதும் அத்தீர்ப்பின் நான்கு கூறுகளாகும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அனுபவத்தோடு ஒத்துப்போவதாகத் தோன்றும். ஆனால் முதலாவது கூறும் மூன்றாவது கூறும் ஒன்றோடொன்று முரண்படுவதை அவற்றைச் சேர்த்துச் சொல்வோர் கவனிப்பதில்லை. முடிவு தெரிந்திருப்பது பதற்றத்தைக் கொல்லும் என்றால், அழிவின் அளவை எவ்வளவு பெருக்கினாலும் அது உயிர்பெறாது. அளவு பெருகினால் பதற்றம் பெருகும் என்றால், முடிவு தெரிந்திருப்பது ஒரு தடையே அன்று.

நாடகக் கலையில் பணயம் எனப்படுவது, கதைமாந்தர் ஒருவர் தாம் செய்யும் தேர்வினால் அல்லது தமக்கு நேரும் நிகழ்ச்சியினால் எதை இழக்கக்கூடும் என்பதாகும். அது உயிராக இருக்கலாம். மானமாகவோ, கொடுத்த வாக்காகவோ, பிள்ளையின் நம்பிக்கையாகவோ, பல்லாண்டு மறைத்துவைத்த அடையாளமாகவோ இருக்கலாம். பதற்றம் என்பது அவ்விழப்பு நெருங்கிவரும்போது பார்வையாளரிடம் உண்டாகும் உணர்வு. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கொள்வது போல, அது அறிவின் கணக்குக்கு முன்பே உடலில் தோன்றிவிடுவது. மேற்சொன்ன தீர்ப்பு இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதோடு, பணயம் என்றால் நாயகனின் உயிர் மட்டுமே என்று எடுத்துக்கொள்கிறது. அதன் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலாவது கூற்று, முடிவு முன்பே தெரிந்தால் பதற்றம் இல்லை என்பது. இதற்கு மறுப்பைத் தேடி மாத்தளை மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சிகிரியாக் குன்றின் கதையை இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தை தாதுசேனனைக் கொன்று அரசைக் கைப்பற்றிய காசியப்பன், உரிமை இளவரசனான மொகல்லானன் ஒருநாள் படையோடு திரும்புவான் என்று அஞ்சிக் குன்றின்மேல் அரண் அமைத்தான். மொகல்லானனும் இந்தியாவிலிருந்து படை திரட்டிக்கொண்டு திரும்பினான். போர்க்களத்தில் காசியப்பன் ஏறியிருந்த யானையின் எதிரே சேற்று நிலம் ஒன்று குறுக்கிட்டதாகவும், வேறு வழியே செல்வதற்காக அவன் யானையைத் திருப்ப, அரசன் புறங்காட்டிவிட்டான் என்று எண்ணிப் படை சிதறியதாகவும், தனித்துவிடப்பட்ட அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டதாகவும் சூளவம்சம் கூறுகிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இக்கதையை 1974இல் ‘த காட் கிங்’ என்ற பெயரில் ஆங்கிலப் படமாக எடுத்தபோது, அதன் முடிவை அறியாத இலங்கைப் பார்வையாளர் எவரும் இருந்திருக்க முடியாது.

இக்கதையில் பதற்றம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது யானை திரும்பும் அந்தக் கணத்தில் இருக்கிறது. யானை திரும்புவதன் பொருள் என்னவாகக் கொள்ளப்படும் என்பது கேட்பவருக்குத் தெரியும். யானைமேல் இருப்பவனுக்குத் தெரியாது. இவ்விரு அறிவுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் நெஞ்சை அடைக்கிறது. முடிவை அறியாதவருக்கு அது ஒரு யானை வழி மாறும் சாதாரணக் காட்சி. அறிந்தவருக்கு மட்டுமே அது ஓர் அரசன் வீழும் காட்சி. ஆகவே இங்கு முன்னறிவு பதற்றத்தைக் குறைக்காததோடு, அது பிறப்பதற்குக் காரணமாகவும் நிற்கிறது. இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடனான நேர்காணலில், மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டை எடுத்துக்காட்டாக வைத்துச் சொன்னதும் இதுவே: குண்டு இருப்பதைப் பார்வையாளர் அறியாவிட்டால் வெடிக்கும்போது சில நொடிகளுக்குத் திடுக்கிடுவார்; முன்கூட்டி அறிந்திருந்தால், மேசையில் நடக்கும் வெற்றுப் பேச்சு முழுவதும் அவருக்குத் தாங்கமுடியாததாகிவிடும். திடுக்கிடல் வேறு, பதற்றம் வேறு. நாயகன் வெல்வான் என்று தெரிந்துவிட்டதே என்று குறைப்படுவோர் உண்மையில் எதிர்பார்ப்பது முன்னதை. அது கிடைக்காததற்குப் பின்னதைப் பழிக்கின்றனர்.

மாத்தளையின் மற்றொரு கதையும் இதற்குச் சான்றாகும். 1848ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதும், அடுத்த சில நாட்களில் கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கியதும், பிரித்தானிய ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்ததும், ஆகஸ்ட் 8ஆம் நாள் கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும், பண்டா பின்னர் எல்கடுவையில் பிடிபட்டதும் பாடநூலில் உள்ள செய்திகள். 1978இல் வெளிவந்த ‘வீர புரன் அப்பு’ படத்தில் ரவீந்திர ரந்தெனிய அவ்வீரனாக நடித்தார். படத்தை இயக்கியவர் மீண்டும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸே. துப்பாக்கிகள் நீட்டப்படும் இடத்தில்தான் கதை முடியும் என்பதை அறிந்தே மக்கள் அதைப் பார்த்தனர். தமிழில் இதற்கு இணையான நிலையில் உள்ளது 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை அறியாமல் அப்படத்துக்குப் போனவர் அரிது. இவ்விரண்டிலும் நாயகன் பிழைப்பானா என்ற கேள்விக்கு இடமே இல்லை. பணிந்து ஒரு சொல் சொன்னால் பிழைக்கலாம் என்ற நிலை வரும்போது அவன் சொல்வானா என்பதே கேள்வி. விடை தெரிந்திருந்தும் அதை அவன் வாயால் கேட்பதற்காகவே அரங்கு காத்திருக்கிறது.

மெய்யியலாளர் இதற்குப் பதற்றத்தின் புதிர் என்று பெயரிட்டிருக்கின்றனர். ஐயம் இல்லாத இடத்தில் பதற்றம் இருக்க முடியாது, முடிவு தெரிந்தவருக்கு ஐயம் இல்லை, ஆயினும் முடிவு தெரிந்தவரும் பதறுகின்றனர் என்னும் மூன்று கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பதே அப்புதிர். அமெரிக்கரான நோயெல் கரோல் இதற்குக் கூறும் விடை, பதறுவதற்கு ஒன்றை நம்ப வேண்டியதில்லை, அதை மனத்தில் எண்ணினாலே போதும் என்பதாகும். இந்த விடையை முழுதாக ஏற்பதா என்பது வேறு விவாதம். புதிரின் மூன்றாவது கூற்றை அது மறுக்கவில்லை என்பதே இங்கு வேண்டியது.

நட்சத்திர நாயகன் என்ற நிலையிலும் இதுவே உண்மை. மாத்தளைக்குக் கிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணைக்கட்டு கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதன் அருகிலுள்ள பள்ளத்தாக்கில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்துக்காக ஒரு கயிற்றுப் பாலம் அமைக்கப்பட்டது. பாலத்தை ஒருமுறைதான் அறுக்க முடியும் என்பதால் பல கெமராக்கள் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டன. மனிதருக்குப் பதிலாகப் பொம்மைகள் பாலத்திலிருந்து வீழ்ந்தன. 1984இல் வெளிவந்த அப்படத்தின் கதை 1935இல் நடப்பது. 1981இல் வெளிவந்துவிட்ட முதற்படத்தின் கதையோ 1936இல் நடப்பது. அதாவது, இருபுறமும் எதிரிகள் நிற்க நடுப்பாலத்தில் அகப்பட்ட இண்டியானா ஜோன்ஸ் அடுத்த ஆண்டும் உயிரோடு இருப்பார் என்பது பார்வையாளருக்கு ஊகம்கூட அன்று, அவர்கள் முன்பே கண்டுவிட்ட செய்தி. இருந்தும் அவர் தம் வாளைப் பாலத்தின் கயிற்றின்மேல் ஓங்கும்போது எவரும் நாற்காலியில் சாய்ந்திருப்பதில்லை. அவர் கையிலிருக்கும் கற்கள் ஒரு கிராமத்துக்குத் திரும்ப வேண்டியவை. உடன் நிற்பவன் ஒரு சிறுவன். நாயகனின் உயிரைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் பணயம் நிறையவே மிஞ்சுகிறது.

தமிழ்த் திரையில் இக்கணக்கை மிகத் தெளிவாகப் போட்டுக் காட்டிய படம் 1995ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’. ரஜினிகாந்த் ஏற்ற மாணிக்கம் என்னும் ஓட்டோ ஓட்டுநர், தந்தையின் இறுதி விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு வன்முறை வாழ்வைத் துறந்து, தம்பி தங்கைகளுக்காகத் தன் பழைய பெயரை மறைத்து வாழ்பவர். தம்பிக்காகக் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்கும் காட்சியில் அவர் சாகப்போவதில்லை என்பது எவருக்கும் தெரியும். அவர் நினைத்தால் அத்தனை பேரையும் வீழ்த்த முடியும் என்பதும் அரங்குக்கு மெல்லப் புலப்பட்டிருக்கும். அங்கே பணயமாக வைக்கப்பட்டிருப்பது அவர் கை. அது எழுந்தால் வாக்கும் போயிற்று, மறைத்த வாழ்வும் போயிற்று. பின்னர்த் தங்கையின் மீது கை வைக்கப்படும்போது அந்தக் கை எழுகிறது, அரங்கு ஆர்ப்பரிக்கிறது, ஆனால் ஆர்ப்பரிப்பின் அடியில், இனி இந்தக் குடும்பம் பழையபடி இருக்காது என்ற அறிவும் இருக்கிறது. நாயகனின் உயிர் உறுதி செய்யப்பட்டிருப்பதாலேயே இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா வேறொன்றைப் பணயமாக வைக்க நேர்ந்தது என்றும், அந்த நெருக்கடியிலிருந்தே படத்தின் வலிமை பிறந்தது என்றும் கூறலாம். நாயகன் உயிரை மெய்யாகவே எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாருக்கு, எம்.ஜி.ஆர். இறப்பதாக முடித்து 1962இல் எடுக்கப்பட்ட ‘பாசம்’ படத்தை அவர் ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளாத கதையை நினைவூட்டினால் போதும்.

இந்தக் கூற்றை விட்டுச் செல்வதற்கு முன் ஒரு படத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். 2015 ஜூலையில் வெளிவந்த ‘பாகுபலி’யின் முதற்பாகம், நாயகனைக் கொன்றவன் கட்டப்பா என்று அறிவித்துவிட்டு முடிந்தது. யார் இறந்தார், யார் கொன்றார் என்ற இரண்டும் தெரிந்துவிட்ட நிலையில், 2017 ஏப்ரல் வரை இந்தியாவும் இலங்கையும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் பாகத்தில் பாகுபலி கட்டப்பாவின் தோளில் சாயும் ஒவ்வொரு காட்சியும், சிரிப்பை வரவழைக்க எழுதப்பட்டவை உட்பட, வரப்போகும் வாளின் நிழலில் நடப்பவை ஆயின.

இரண்டாவது கூற்று, இறந்தவர் மீள்வார் என்றால் அந்த இறப்பில் பணயம் இல்லை என்பது. இதைச் சொல்லும் மலையகத் தமிழர், தம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆடப்பட்டுவரும் காமன் கூத்தை மறந்துவிட்டனர் என்றே கருத வேண்டியிருக்கிறது. மாத்தளை உள்ளிட்ட மலையக மாவட்டங்களின் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் இக்கூத்தில், சிவனின் தவத்தைக் கலைக்கும்படி தேவர்களால் அனுப்பப்படும் மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகிறான். ரதியின் புலம்பலுக்குப் பின் மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கப்படுகிறான். காமன் பொட்டல் எனப்படும் திறந்த வெளியில் காமன் கம்பம் ஊன்றப்படுவதில் தொடங்கி, காப்புக் கட்டி விரதமிருக்கும் இரு ஆண்கள் ரதியாகவும் மதனாகவும் வேடமிட்டு ஆடுவதும், தூதனும் எமனும் வீரபத்திரனும் வந்துபோவதும், தப்பு ஓசை விடியும்வரை லயங்களில் கேட்டுக்கொண்டிருப்பதும், எரிப்பும் உயிர்ப்பும் என அதன் ஒழுங்கு ஆண்டுதோறும் மாறுவதில்லை. இதில் யாருக்கும் மறைக்கப்பட்ட செய்தி என்று ஒன்றுமே கிடையாது. மதன் எரிவான், மதன் எழுவான்.

ஆயினும் கூத்தின் உச்சம், எரிப்புக்கு முன் ரதி மதனைத் தடுக்கும் பகுதியிலேயே அமைந்திருக்கிறது. தீய கனவு கண்டதாகச் சொல்லி அவள் போகாதே என்கிறாள்; தேவர்களுக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி அவன் போவேன் என்கிறான்; இந்த வாதமும் எதிர்வாதமும் ஆட்டமும் பாட்டுமாக நெடுநேரம் நீள்கின்றன. கேட்டுக்கொண்டிருப்போருக்கு மதன் திரும்ப வருவான் என்பது நன்றாகத் தெரியும். ரதிக்கு அது தெரியாது. அவள் இழப்பதை அவள் இழக்கும் நேரத்தில் அவளாகவே நின்று உணர்வதுதான் அந்த இரவின் வேலை. மூன்றாம் நாளின் உயிர்ப்பு அதை அழித்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் இதே கதையை ஒட்டி வளர்ந்த லாவணிப் பாடல் மரபு இன்னும் ஒரு படி மேலே போய், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியுமாகப் பாடகர்களைப் பிரித்து, இரவு முழுக்க வாதிட வைத்தது. இறந்தவர் மெய்யாகவே இறந்தாரா என்ற விவாதத்தை இன்றைய ரசிகர்கள் தாம் கண்டுபிடித்ததாக எண்ணலாம். எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் அதற்குப் பல தலைமுறைகள் மூத்தவை.

2018இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்பினிட்டி வார்’ படத்தின் முடிவில் அண்டத்தின் பாதி உயிர்கள் தூசாக மறைந்தபோது, அந்த ஆண்டு அடிக்கடி கேட்ட கிண்டல், மறைந்த ஸ்பைடர் மேனின் அடுத்த படத்துக்கு 2019 ஜூலை என்று நாளே குறித்தாகிவிட்டதே என்பதாகும். செய்தி சரிதான். ஆனால் அந்தச் சிறுவன் தன் ஆசானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போக விருப்பமில்லை என்று திணறும் இடத்தில், பார்ப்பவர் கலங்குவது திரைப்பட நிறுவனத்தின் அட்டவணையைப் பற்றி அன்று; அவனைக் காக்க முடியாமல் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கும் டோனி ஸ்டார்க்கைப் பற்றி. அடுத்த ஆண்டு வந்த ‘எண்ட்கேம்’ படம், மறைந்தவர்களை மீட்கும் வழி கிடைத்தபோது அதற்கு ஒரு விலையை வைத்தது: இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஸ்டார்க்குக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள், கடந்த காலத்தை அப்படியே திருத்தினால் அவள் இல்லாமற்போவாள். மற்றவர்கள் மீண்டனர், அவள் இருந்தாள், அவர் இறந்தார்.

இக்கூற்றில் ஓரளவு உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை கொடுக்காத மீட்சி கதையை அரிக்கவே செய்யும். ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வரிசையில் ஹான் என்னும் பாத்திரம் கொல்லப்பட்டதும், அவரைக் கொன்றவராகக் காட்டப்பட்ட ஷா 2017ஆம் ஆண்டுப் படத்தில் நாயகர்களின் விருந்தில் உட்கார்ந்ததும், ஹான் 2021இல் உயிரோடு திரும்பியதும் அதற்குச் சான்று. ஆனால் இடையில் ரசிகர்கள் ஹானுக்கு நீதி வேண்டும் என்று எழுப்பிய குரல், அவர் மீளவில்லை என்பதற்காக எழுந்தது அன்று. நண்பனின் சாவை மற்றவர்கள் மறந்துவிட்டார்களே என்பதற்காக எழுந்தது. மீட்சியைக் காட்டிலும் மறதியே பெரிய குற்றம் என்று அவர்கள் சரியாகக் கண்டுகொண்டனர். அதே அளவுகோலைத் தமிழ்ப் படங்களின்மேல் வைத்தால், இடைவேளைக்கு முன் நாயகனின் தங்கையையோ நண்பனையோ பலிகொடுத்து, பழிவாங்கலுக்கு ஒரு காரணம் கிடைத்ததும் அடுத்த பாட்டிலேயே அவரை மறந்துவிடும் வழக்கம் அல்லவா முதலில் கண்டிக்கத்தக்கது? அங்கே இறந்தவர் மீள்வதே இல்லை. இருந்தும் பணயம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது கூற்றான அளவு பற்றிய நம்பிக்கைக்கு நீண்ட மறுப்பு தேவைப்படாது. 1848இன் கிளர்ச்சிக்கு எண்ணெய் ஊற்றியவை, துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரிகளும், வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் தெரு வேலை செய்ய வேண்டும் அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற சட்டமும் ஆகும். ஒரு பேரரசு அழியும் என்ற மிரட்டல் எவரையும் தம்புள்ளைக்கு அழைத்து வரவில்லை. வாசலில் கட்டியிருக்கும் நாய்க்கும் சுவரில் தொங்கும் துப்பாக்கிக்கும் காசு கேட்டது அழைத்து வந்தது. மனிதர் இழப்பைத் தம் கைக்கு எட்டும் பொருளில்தான் அளக்கின்றனர். உலகம் அழியப்போகிறது என்று ஒரு படம் அறிவிக்கும்போது அது ஓர் எண்ணை மட்டுமே தருகிறது. அந்த எண் ஒரு முகமாக மாறும்வரை அரங்கில் எவரும் அசைவதில்லை. 2023இல் வந்த ‘ஜெயிலர்’ படத்தில் சிலைக் கடத்தல் கும்பலின் ஆட்சி எவ்வளவு பரந்தது என்பதைப் பார்வையாளர் மறுநாளே மறந்திருப்பர். தான் வளர்த்த மகன் எத்தகையவன் என்று தந்தை அறிந்துகொள்ளும் இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். அப்படம் முடிவில் மகனையே பணயமாக வைத்துவிடுகிறது. நேர்மை பேசிய தந்தைக்குத் தன் வாழ்நாள் நேர்மையின் விலை என்ன என்ற கேள்வி அங்கே வந்து நிற்கிறது. படத்தின் மற்றப் பகுதிகளில் தலைகள் உருளும் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தக் காட்சி அடங்கிய குரலில் நடப்பது. ஆனால் படம் எடை பெறுவது அங்கேதான்.

எஞ்சியிருப்பது நான்காவது கூற்று, அதாவது இக்கூட்டத்துக்கு இதுவெல்லாம் வேண்டியதில்லை என்பது. தோட்டத்து லயங்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் படம் பார்க்க வருவோரை எண்ணிச் சொல்லப்படும்போது இது ரசனை பற்றிய கருத்தாக இல்லாமல் வர்க்கம் பற்றிய கருத்தாகிவிடுகிறது. காமன் கூத்தில் ரதியின் வாதத்தையும், அருச்சுனன் தபசில் தவமரத்தின் ஏற்றத்தையும், பொன்னர் சங்கரில் அண்ணன் தம்பி இருவரின் சாவையும் ஆண்டுதோறும் பார்த்து, இந்த முறை ரதி சரியாக அழவில்லை, சென்ற முறை வந்தவன் நன்றாகச் செய்தான் என்று நிறுத்துப் பார்க்கும் ஒரு கூட்டத்துக்குப் பணயம் என்றால் என்னவென்று தெரியாது என்பது நகைப்புக்குரியது. முடிவைப் பற்றிய ஆவல் முற்றிலும் விலக்கப்பட்ட கலையில் பயின்றவர்கள் அவர்கள். அவர்கள் பார்ப்பது எப்படி என்பதை மட்டுமே.

2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்னும் உளவியலாளர் இருவர் நடத்திய ஆய்வில், சிறுகதைகளை முடிவு சொல்லப்பட்ட பின் படித்தவர்கள், சொல்லப்படாமல் படித்தவர்களைவிட அவற்றை அதிகம் விரும்பியதாகக் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் சில மாறான முடிவுகளையும் தந்திருப்பதால் இதை இறுதிச் சான்றாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கைத் திரையரங்குகள் தந்த சான்று இதைவிடக் கண்கூடானது. 2013இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த ‘திருஷ்யம்’, 2015இல் அவராலேயே கமல்ஹாசனுடன் தமிழில் ‘பாபநாச’மாக வந்தது. நாலாம் வகுப்பைத் தாண்டாத ஒரு கேபிள் தொலைக்காட்சிக்காரர் தம் மனைவியையும் இரு மகள்களையும் பொலிசாரின் விசாரணையிலிருந்து காப்பதே அதன் கதை. கொலை எப்படி நடந்தது என்பது விசாரணை தொடங்கும் முன்பே பார்வையாளருக்குக் காட்டப்பட்டுவிடுகிறது. விசாரணை அறையில் சின்ன மகள் தாங்குவாளா என்பதுதான் அதன்பின் அரங்கை இறுக்கிப் பிடிப்பது. அதே கதை 2017இல் செய்யாறு ரவியின் இயக்கத்தில், ஜாக்சன் அந்தனி நடிக்க, ‘தர்மயுத்தய’ என்ற பெயரில் சிங்களத்தில் வெளிவந்து பெரும் வசூலைப் பெற்றது. தமிழிலோ மலையாளத்திலோ முன்பே பார்த்திருந்தவர்கள், பிணம் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்துகொண்டே மீண்டும் போய் உட்கார்ந்தனர். சின்ன மகளின் கன்னத்தில் பொலிஸ்காரரின் கை விழும்போது, விழப்போகிறது என்று தெரிந்திருந்தும், அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்தே கண்ணை மூடிக்கொண்டனர்.